ஆறு டிரைவில் மூன்றுதான் பேசுகிறது: 485 ஒயரிங்கில் எங்கே பார்ப்பது

கேள்வி சுருக்கமாக இது. சாயப்பட்டறை ஒன்றில் ஒரு பிஎல்சி (மெஷினை ஓட்டும் கண்ட்ரோலர்), அதிலிருந்து ஆர்எஸ்-485 என்ற இரண்டு ஒயர் தகவல் லைன் வழியாக ஆறு டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), எல்லாம் செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில் மாட்பஸ் ஆர்டியு என்ற பேச்சுமுறையில், மொத்தக் கேபிள் நீளம் 80 மீட்டருக்குள். லேப்டாப்பில் ஒவ்வொரு டிரைவையும் தனியாகப் பிடித்தால் பதில் வருகிறது. ஆறையும் கோர்த்தால் முதல் மூன்றுதான் பேசுகிறது, மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அதுவும் போய்விடுகிறது. ஷீல்டு கேபிள் போட்டு இரண்டு பக்கமும் எர்த் கொடுத்தாகிவிட்டது, ஆறு டிரைவிலும் டெர்மினேஷன் (எதிரொலியை அடக்க ஜோடி ஒயருக்கு நடுவே போடும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர்) சுவிட்சை ஆன் செய்தாகிவிட்டது. போர்டு போய்விட்டதா, கேபிளை மாற்ற வேண்டுமா? கூடவே, பழைய டிஸ்ப்ளே ஒன்றுக்கு ஆர்எஸ்-232 (இரண்டு கருவியை மட்டும் நேருக்கு நேர் இணைக்கும் பழைய முறை) கேபிளை நாமே செய்துகொள்ளலாமா?

போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு, தனியாகப் பிடித்தால் பேசுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேபிளையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டிரைவ் பாராமீட்டர், பிஎல்சி புரோகிராம் இரண்டையும் தொடவே தொடாதீர்கள், ஏனென்றால் இந்த மாதிரி சமயத்தில் நம்மாட்கள் முதலில் கை வைப்பது அங்கேதான், அப்புறம் எது பழைய கோளாறு, எது புதிதாக நாம் சேர்த்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு மணி நேரமும் போதும்.

முதலில் எல்லா பவரையும் ஆஃப் செய்துவிட்டு, பிஎல்சி பக்கம் 485 பிளக்கைக் கழற்றி, வெளியே போகும் ஜோடி ஒயருக்கு நடுவே ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம்ஸ் ஒவ்வொன்று இருந்தால் மீட்டர் 60-க்கு அருகில் காட்ட வேண்டும், பிஎல்சிக்கு உள்ளேயே ஒன்று இருந்தால் அதைக் கழற்றிய நிலையில் 120 காட்டும். உங்களுக்கு அனேகமாக 20 காட்டும், ஏனென்றால் 120 ஓம்ஸ் ஆறு பேரலலாக இருந்தால் 20 தான்.

இதை அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு பம்ப் ஹவுஸில் ஐந்து டிரைவ், இதே கதை, இரண்டு நாள் புரோகிராமை நோண்டிவிட்டு மூன்றாம் நாள் மீட்டரை வைத்தேன்: 24 ஓம்ஸ். அங்கிருந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டால், "அண்ணே, ஒண்ணு இருந்தா நல்லதுன்னா அஞ்சு இருந்தா இன்னும் நல்லதுதானே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, டிரைவ் மேனுவலில் "டெர்மினேஷன்: ஆன் / ஆஃப்" என்று ஒரு வரியோடு விட்டிருந்தார்கள், எப்போது ஆன் என்று எழுதவில்லை.

அதிகமாகப் போட்டால் என்ன கெடுகிறது? 485 டிரைவர் சிப்பு 54 ஓம்ஸ் லோடில் குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஸ்டாண்டர்டு. 20 ஓம்ஸைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த வோல்டேஜ் படுத்துவிடும். எதிர்ப்பக்கம் 200 மில்லி வோல்ட் வித்தியாசம் இருந்தாலே புரிந்துகொள்ளும் என்பதால் தட்டுத்தடுமாறி வேலை செய்யும், ஆனால் வெளியிலிருந்து மின் சத்தம் (நாய்ஸ்) கொஞ்சம் சேர்ந்தாலும் விழுந்துவிடும். இதைவிட மோசமானது யாரும் பேசாத நேரத்தில் நடக்கிறது. லைன் சும்மா இருக்கும்போது ஒரு ஒயரை மேலேயும் ஒன்றைக் கீழேயும் இழுத்து வைக்க மாஸ்டர் (கேள்வி கேட்கும் கருவி, இங்கே பிஎல்சி) பக்கம் பயாஸ் ரெசிஸ்டர் இருக்கும், 5 வோல்ட்டில் 560 ஓம்ஸ் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். சரியாக இரண்டே டெர்மினேஷன் இருந்தால், அதாவது 60 ஓம்ஸில், சும்மா இருக்கும் லைனில் சுமார் 250 மில்லி வோல்ட் நிற்கும். 20 ஓம்ஸில் அது 90-க்கும் கீழே. 200-க்குக் கீழே போனால் ரிசீவர் ஒன்று என்றும் சொல்லலாம் பூஜ்ஜியம் என்றும் சொல்லலாம், சிப்பின் இஷ்டம். பக்கத்தில் ஒரு கான்டாக்டர் (மோட்டார் சப்ளையைச் சேர்க்கும் பெரிய சுவிட்ச்) அடித்தாலே அதை ஸ்டார்ட் பிட், அதாவது ஒரு பைட்டின் தொடக்கம், என்று எடுத்துக்கொண்டு குப்பையைப் படிக்க ஆரம்பிக்கும்.

ஆகவே நடுவில் இருக்கும் டிரைவ் எல்லாவற்றிலும் சுவிட்ச் ஆஃப். லைனின் இரண்டு கோடியில் மட்டும் ஆன். பிஎல்சி லைனின் ஒரு கோடியில் இருக்கிறது என்றால் அதுவும் கடைசி டிரைவும். பிஎல்சி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேபிள் போகிறது என்றால் அதற்கு டெர்மினேஷன் கிடையாது, இரண்டு கோடி டிரைவுகளுக்குத்தான். சில கருவிகளில் ரெசிஸ்டரோடு ஒரு கப்பாசிட்டரைத் தொடரில் போட்டிருப்பார்கள், அது ஓம்ஸ் மீட்டரில் தெரியாது, மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் டெர்மினேஷன் இல்லாவிட்டால் 485 ஓடவே ஓடாது என்று சண்டைக்கு வருவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிக்னல் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோ செகண்ட் எடுக்கும், 80 மீட்டருக்கு 400 நானோ செகண்ட். 9600-ல் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ செகண்ட், அதாவது 250 மடங்குக்கும் மேல். கோடியில் மோதித் திரும்பும் எதிரொலி நாலைந்து தடவை போய்வந்து அடங்கிய பிறகுதான் ரிசீவர் பிட்டின் நடுவில் பார்க்கிறது. உங்கள் நீளத்துக்கும் வேகத்துக்கும் டெர்மினேஷனே இல்லாமலும் ஓடும், ஆறு போட்டால்தான் ஓடாது. 115200-ல் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும்போது கதை வேறு, அங்கே ஒரு பிட்டே 8.7 மைக்ரோ செகண்ட்தான்.

இது முடிந்தால் உங்கள் கோளாறில் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் நாலு, ஐந்து, ஆறு மட்டும் ஏன் பேசவில்லை? கடைசி மூன்றும் வேறு கம்பெனி டிரைவா என்று நீங்கள் எழுதவில்லை. வேறு கம்பெனி என்றால் 485-ன் இரண்டு முனைக்கும் போட்டிருக்கும் ஏ, பி எழுத்தை நம்பித்தான் ஏமாந்திருப்பீர்கள்.

இந்த எழுத்துச் சண்டை ரொம்பப் பழையது. 1983-ல் வந்த ஆர்எஸ்-485 ஸ்டாண்டர்டுபடி லைன் சும்மா இருக்கும்போது பி மேலே, ஏ கீழே. ஆனால் சிப்பு செய்யும் பெரிய கம்பெனிகள் பலவும் தங்கள் டேட்டாஷீட்டில் ஏ என்பதை நேர் முனையாகவும் பி என்பதை எதிர் முனையாகவும் போட்டுவிட்டார்கள், அந்தச் சிப்பை வாங்கி மீட்டரும் கன்வெர்ட்டரும் செய்கிறவர்கள் அதே எழுத்தை டெர்மினலிலும் அச்சடித்துவிட்டார்கள். மாட்பஸ் ஆவணத்தில் டி1 என்பது பி, அதுதான் நேர் முனை. டி0 என்பது ஏ. 485-ன் மேல் ஓடும் இன்னொரு தொழிற்சாலை முறையான புரொஃபிபஸின் ஊதாக் கேபிளில் சிவப்பு பி, பச்சை ஏ, அங்கேயும் பிதான் நேர் முனை. லேப்டாப்பை 485-ல் சேர்க்கக் கடையில் கிடைக்கும் மலிவு யுஎஸ்பி கன்வெர்ட்டரில் ஏ பக்கத்தில் பிளஸ் போட்டிருக்கும். ஆக ஏ-யை ஏ-யோடு, பி-யைப் பி-யோடு என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி கோர்த்தால் பாதி இடத்தில் தலைகீழாகத்தான் வரும். லேப்டாப்பில் தனியாகப் பிடித்தபோது பதில் வராமல் ஒயரை மாற்றிப் பிடித்து, அப்புறம் பதில் வந்திருக்கும். லைனில் கோர்க்கும்போது அதை மறந்து எழுத்துப்படி கோர்த்திருப்பீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது.

சரிபார்க்க வழி: லைனை முழுக்கக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கருவியையும் தனியாக பவர் கொடுத்து, டிசி வோல்ட்டில் இரண்டு முனைக்கும் நடுவே பாருங்கள். உள்ளே பயாஸ் இருக்கும் கருவி தெளிவாக ஒரு பக்கம் காட்டும், எது மேலே இருக்கிறதோ அது நேர் முனை. பயாஸ் இல்லாத கருவி பூஜ்ஜியத்துக்கு அருகில் எதையாவது காட்டும், அதை நம்பாதீர்கள், மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சுலபம். இரண்டையும் மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, தைரியமாகச் செய்யலாம். எரிவது எப்போதென்றால், பக்கத்து டெர்மினலில் இருக்கும் 24 வோல்ட் தெரியாமல் 485 முனையில் பட்டால்.

அந்த ஆபத்து ஆர்ஜே-45 சாக்கெட் வைத்த டிரைவுகளில் அதிகம், பார்க்க ஈதர்நெட் மாதிரி இருக்கும், ஆனால் ஈதர்நெட் இல்லை. மாட்பஸ் ஆவணம் பரிந்துரைக்கும் அமைப்பில் 4-ம் பின் டி1, 5-ம் பின் டி0, 8-ம் பின் காமன் (சிக்னலின் பூஜ்ஜிய வோல்ட் முனை). 7-ம் பின்னில் கருவி தானே சப்ளை வெளியே விடலாம். கம்ப்யூட்டர் கடை பேட்ச் கார்டை ஒரு பக்கம் வெட்டிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 4-ம் 5-ம் நீல ஜோடி: முழு நீலம் 4, வெள்ளை-நீலம் 5. முழு பழுப்பு 8. வெள்ளை-பழுப்பு 7, அதை மடக்கி ஸ்லீவ் போட்டுவிடுங்கள். ஆனால் எல்லா டிரைவும் இந்த அமைப்பைப் பின்பற்றுவதில்லை, உங்கள் டிரைவ் மேனுவலைப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

அடுத்தது மூன்றாவது ஒயர். "485 இரண்டு ஒயர்தானே" என்று எல்லாரும் சொல்கிறோம், அந்தப் பெயர்தான் கெடுத்தது. இரண்டு ஒயருக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் ரிசீவர் பார்க்கிறது, உண்மை. ஆனால் அந்த இரண்டுமே தன் சொந்த பூஜ்ஜியத்தில் இருந்து கீழே 7 வோல்ட், மேலே 12 வோல்ட் என்ற எல்லைக்குள் இருந்தால்தான் பார்க்கும். பிஎல்சி ஒரு பேனலில், ஆறாவது டிரைவ் பாய்லர் பக்கம் வேறொரு பேனலில், இரண்டுக்கும் எர்த் வேறு குழியில் என்றால், மோட்டார் ஓடும்போது அந்த இரண்டு பூஜ்ஜியமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? மோட்டார் ஓடினால் போய்விடுகிறது என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாக் கருவியின் சிக்னல் காமனையும் ஒரு ஒயரால் கோர்க்க வேண்டும். ஷீல்டை அதற்குப் பயன்படுத்துகிற பழக்கம் நம் ஊரில் நிறைய, குட்டை லைனில் ஓடவும் ஓடும், ஆனால் ஷீல்டின் வேலை குப்பையைப் பிடித்து எர்த்துக்குத் தள்ளுவது. அதே ஒயரை பூஜ்ஜியமாகவும் வைத்தால் பிடித்த குப்பை முழுக்க சிக்னலுக்குள் போகும். இரண்டு ஜோடி உள்ள கேபிள் வாங்கினால் ஒரு ஜோடி சிக்னலுக்கு, மறு ஜோடியைக் காமனுக்கு. பெல்டன் 9841 என்பது ஒரு ஜோடி, 9842 இரண்டு ஜோடி, இரண்டும் 120 ஓம்ஸ் கேபிள், விலைதான் கடிக்கும். அந்தக் காசு இல்லை என்றால் நல்ல கேட்-5 ஷீல்டு கேபிள், அது 100 ஓம்ஸ்தான், உங்கள் 9600-க்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. முறுக்கு இல்லாத மூன்று கோர் கண்ட்ரோல் கேபிள் மட்டும் வேண்டாம்.

ஷீல்டு எர்த். இரண்டு பக்கமும் கொடுத்தேன் என்கிறீர்கள். இரண்டு பேனலின் எர்த்தும் ஒரே மட்டத்தில் நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் இரண்டு பக்கமும் கொடுப்பது தப்பில்லை, டிரைவின் அதிவேக சுவிட்சிங் சத்தத்துக்கு அதுதான் நல்லது என்றுகூட சில டிரைவ் மேனுவல்கள் கேட்கும், புரொஃபிபஸ்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நம் சாயப்பட்டறை எர்த்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமையில் ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். டாங் டெஸ்டர் (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் பார்க்கும் மீட்டர்) சின்ன ரேஞ்சில் இருந்தால் ஷீல்டைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள், ஏதாவது காட்டினால் பிஎல்சி பக்கம் மட்டும் எர்த்தை வைத்துவிட்டு மற்ற இடங்களில் கழற்றி ஸ்லீவ் போடுங்கள். கழற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு டிரைவிலும் வரும் கேபிளின் ஷீல்டையும் போகும் கேபிளின் ஷீல்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும், டிரைவ் பாடியில் படக்கூடாது. வெட்டி அப்படியே விட்டால் அதற்கப்புறம் உள்ள ஷீல்டு எங்கும் சேராத ஆன்டெனா.

டிரேயில் மோட்டார் கேபிளோடு இதைக் கட்டிப் போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுதாக உதவாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்குத்தாகக் கடக்கட்டும். டிரைவில் இருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள்தான் வில்லன், டிரைவுக்கு வரும் சப்ளை கேபிள் அவ்வளவு இல்லை.

இனி கை வேலை. பெரும்பாலான "கம்யூனிகேஷன் ஃபால்ட்" கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். 24 கேஜ் ஒயர் தலைமுடி மாதிரி ஏழு இழை. கட்டரால் உரிக்கும்போது இரண்டு இழை போய்விடும், மீதியை ஸ்க்ரூவுக்கு அடியில் நேராக வைத்து முறுக்கினால் ஸ்க்ரூவின் நுனி இன்னும் இரண்டை அறுக்கும், அன்றைக்கு ஓடும், ஆறு மாதம் அதிர்வுக்குப் பிறகு ஓடாது. சின்ன ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழாய்) போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள். டிரைவிலிருந்து டிரைவுக்குத் தாண்டும் இடத்தில் ஒரே ஓட்டையில் இரண்டு ஒயர் வரும், அதற்கு இரட்டை ஃபெரூல் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகக் கிரிம்ப் செய்தால் டிரைவைக் கழற்றினாலும் லைன் அறுந்து போகாது. முறுக்கை டெர்மினலுக்கு ஒரு விரற்கடை முன்பு வரை பிரிக்காதீர்கள். அரை அடி பிரித்து, அழகாக வளைத்து, பேனல் டக்ட்டில் படுக்க வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கத்தான் அழகு.

மூன்றாவது டிரைவில் இருந்து நாலாவதுக்குப் போகும் அந்த முனையை மட்டும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சாயப்பட்டறையில் உப்பும் ஆவியும் சேர்ந்து தாமிரத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும், இன்சுலேஷனுக்கு உள்ளேயே ஒரு இன்ச் ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாக இருக்கும், லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். களிம்பு இருந்தால் நல்ல தாமிரம் தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள், கேபிள் பேனலுக்குள் நுழையும் கிளாண்டு வழியாக ஆவி வருகிறதா என்றும் பாருங்கள்.

ஜங்ஷன் பாக்ஸில் இருந்து ஆறு டிரைவுக்கும் ஆறு கேபிள் தனித்தனியாக இழுத்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாண்டித் தாண்டிப் போவதுதான் முறை. ஓரடி ஈரடி கிளை பரவாயில்லை.

செட்டிங் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. அட்ரஸ் இரண்டு டிரைவில் ஒன்றாக இருக்கக்கூடாது, 1 முதல் 247 வரை. பேரிட்டி (பைட்டில் பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் ஒரு பிட்): மாட்பஸ் ஆவணம் ஈவன் பேரிட்டியைத்தான் இயல்பாக வைக்கச் சொல்கிறது, பேரிட்டி இல்லை என்றால் இரண்டு ஸ்டாப் பிட், உலகமே பேரிட்டி இல்லாமல் ஒரே ஸ்டாப் பிட்டில் ஓட்டுகிறது, எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருந்தால் சரி. டைம்-அவுட்டை, அதாவது பதிலுக்குப் பிஎல்சி காத்திருக்கும் நேரத்தை, கணக்குப் போட்டு வையுங்கள். பத்து ரெஜிஸ்டர் படிக்க கேள்வி 8 பைட், பதில் 25 பைட், 9600-ல் ஒரு பைட்டுக்கு ஒரு மில்லி செகண்டுக்குச் சற்று மேல், ஆக 35 மில்லி செகண்ட், அதோடு டிரைவ் யோசிக்கும் நேரம். டைம்-அவுட் ஒரு செகண்ட், மூன்று தடவை முயற்சி என்று வைத்திருந்தால் செத்துப்போன ஒரு டிரைவ் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று செகண்டைத் தின்றுவிடும், ஆபரேட்டருக்கு எல்லா டிரைவுமே தூங்குகிற மாதிரி தெரியும்.

இனி 232 கேபிள். தாராளமாக நீங்களே செய்யலாம், மூன்று ஒயர்தான். ஒன்பது பின் கனெக்டரில் கம்ப்யூட்டர் பக்கம் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்டு. பழைய 25 பின் கனெக்டரில் இது தலைகீழ்: 2 அனுப்புவது, 3 வாங்குவது, கிரவுண்டு 7. பழைய டிஸ்ப்ளே என்றீர்கள், 25 பின்னாக இருந்தால் இங்கேதான் சறுக்குவீர்கள். சந்தேகம் வந்தால் டிஸ்ப்ளேக்கு பவர் கொடுத்து, கேபிள் இல்லாமல், கிரவுண்டுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். எது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை காட்டுகிறதோ அதுதான் அது அனுப்பும் பின், அதை எதிர்ப்பக்கம் வாங்கும் பின்னோடு சேருங்கள். மேனுவல் தொலைந்துபோன எத்தனையோ கருவிக்கு நான் இப்படித்தான் கேபிள் செய்திருக்கிறேன். மூன்று ஒயர் போட்டும் பேசவில்லை என்றால் அது ஹேண்ட்ஷேக், அதாவது எதிர்ப்பக்கம் தயார் என்ற தனி சிக்னலை, எதிர்பார்க்கிறது: ஒன்பது பின்னில் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துவிடுங்கள், 1, 4, 6 மூன்றையும் தனியாகச் சேர்த்துவிடுங்கள், அது தன்னோடு தானே பேசித் திருப்தி அடைந்துவிடும். நீளம் 15 மீட்டருக்குள். லேப்டாப்பைச் செருகும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், 232-ல் கிரவுண்டு நேரடியாகச் சேர்கிறது, வேறு வேறு எர்த்தில் இருந்து வரும் வித்தியாசம் அந்த மெல்லிய ஒயர் வழியாகத்தான் ஓடும்.

கன்வெர்ட்டர் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஏ, பி என்று இரண்டே ஸ்க்ரூ உள்ள மலிவு யுஎஸ்பி டாங்கிளை மேஜைச் சோதனைக்கு மட்டும் வையுங்கள். கிரவுண்டு முனை உள்ள, ஐசொலேஷன் (இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாத அமைப்பு) உள்ள ஒன்று வாங்கினால் லேப்டாப் போர்ட்டுக்கு இன்ஷூரன்ஸ். போலிச் சிப்பு வைத்தவையும் நிறைய. 2014-ல் இந்த யுஎஸ்பி சிப்பு செய்யும் எஃப்டிடிஐ கம்பெனியின் விண்டோஸ் டிரைவர் (சாஃப்ட்வேர்) அப்டேட் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி அவற்றை வேலை செய்யாமல் முடக்கியது, அப்போது பல இடங்களில் கன்வெர்ட்டர்கள் திடீரென்று காணாமல் போனது இதனால்தான்.

இப்போதைக்கு நாலு அளவு எடுங்கள்: பவர் ஆஃபில் ஜோடிக்கு நடுவே ஓம்ஸ், சுவிட்சுகளைச் சரிசெய்த பிறகு அதே ஓம்ஸ், பிஎல்சியை ஸ்டாப்பில் போட்டு லைன் சும்மா இருக்கும்போது முதல் டிரைவிலும் ஆறாவது டிரைவிலும் டிசி மில்லி வோல்ட், மோட்டார் ஓடும்போது இரண்டு பேனல் எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட். கடைசியாகச் சொன்னதற்கு நீளமான ஒயர் ஒன்று வேண்டும், பழைய 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் காயில் இருந்தால் போதும். கூடவே நாலாவது டிரைவ் எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்பதையும் எழுதுங்கள்.